விருப்பாட்சியில் எட்டு ஆண்டுகள்

வேலு நாச்சியாரைப் பற்றிய நாடகங்களிலும் சிறுவர் நூல்களிலும் ஒரு காட்சி பெரும்பாலும் இடம்பெறும். ஹைதர் அலியின் முன் அரசியார் உருதுவில் உரையாட, அவர் வியந்து உதவ முன்வருவார். நம்மவர் மகிழ்ந்து கைதட்டும் இடமும் அதுவே. ஆனால் 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்து, மகள் வெள்ளச்சியுடன் விருப்பாட்சியில் புகலடைந்தவர் சிவகங்கைக்கு மீண்டது 1780இல்தான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை இவ்வாசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றனர். நாம் குறையாகக் காண்பது இதனையே.

இன்றைய ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள விருப்பாட்சி அன்று ஓர் எல்லைப்புற ஊர். கிழக்கே திண்டுக்கல் கோட்டை மைசூரார் வசம்; அதற்கப்பால் மதுரை, ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் உட்பட்டது. பாளையக்காரர் கோபால நாயக்கர் இடமளித்தார். பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரிலேயே படையுதவி வேண்டி ஹைதருக்கு எழுதினார்; சிவகங்கை மீளுமுன்பே காலமும் ஆனார். 1769 உடன்படிக்கையில் உதவுவதாக வாக்களித்த கும்பினி, மராத்தியர் படையெடுத்தபோது ஹைதரைக் கைவிட்டிருந்தது. அந்தப் பகை முற்றி 1780இல் அவர் கர்நாடகத்தின் மீது படை நடத்தியபோதுதான் அரசியாரின் வேளையும் வந்தது. இருவர் நலனும் ஒன்றுகூடிய தருணம் அது. அவ்வாறு எழுதுவதால் ஹைதரின் பெருமை குன்றிவிடாது.

அரசியாரை விரட்டியது யார்? கும்பினிப் படையுடன் வந்த நவாப் முஹம்மது அலி வாலாஜா. சிவகங்கைக்கு ஹுசைன் நகர் என்று பெயரும் சூட்டப்பட்டது. நம்மவர் ஹைதரை மட்டும் எண்ணுகின்றனர். பிறர் சிலர் நவாபை மட்டும் எண்ணுகின்றனர். சொந்த பந்தத்துக்கு எதிராயினும் உண்மைக்குச் சாட்சி நிற்கப் பணிக்கப்பட்டோர், இதில் பாதியை மறைக்கலாகாது. நம் சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவலையே பாருங்கள்: பூலித்தேவரின் அணியில் நின்ற மஹ்பூஸ் கான் அந்நவாபின் அண்ணன்! 1761இல் பூலித்தேவரை வென்ற யூசுப் கானை 1764இல் தூக்கிலிடச் செய்தவரும் அதே நவாப்தான். அக்காலத்து அணிகள் மார்க்கத்தால் பிரிந்தவை அல்ல.

உருது உரையாடலையும் குயிலி, உடையாள் கதைகளையும் செவிவழி ரிவாயத்துகள் என்றே குறித்து எழுதலாம். ஆவணங்களுக்கு நிகராக வைத்தல் முறையன்று. சனதை நிறுத்துப் பார்க்கும் ஹதீஸ் கலை பயின்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரதானியும் மறைந்தபின், மருது சகோதரர்களையும் சிதறிய நாட்டாரையும் பிறர் மண்ணிலிருந்தே ஒரு கைம்பெண் கட்டிக்காத்த கதையை ஒரு நாடகாசிரியர் எடுத்துக்கொள்வாராயின், உருதுக் காட்சிக்கு அதில் ஐந்து நிமிடம் தாராளம்.