ரப்பர் பட்டையின் பரிவு

பிசியோதெரபி அறையில் எத்தனையோ கருவிகள் இருக்கலாம். என் மனம் போய் நிற்பது அந்த ரப்பர் பட்டையிடம்தான். நாலைந்து அங்குல அகலம். மடித்தால் சட்டைப்பையில் அடங்கிவிடும்.

ஜொகூர்க்காரர்களுக்கு அதனோடு உறவும் உண்டு. குளுவாங், சிகாமட், கூலாய் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் பால்மரம் வெட்டினார்கள். காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். அதே மரப்பாலில் இருந்துதான் பல பட்டைகள் இன்றும் உருவாகின்றன. தோளை நோகடித்த பால், இன்று தோளுக்கு மருந்தாகிறது.

இரும்பு எடை தூக்கும்போதே முழுப் பாரத்தையும் தந்துவிடும். பட்டையோ இழுக்க இழுக்கத்தான் இறுகும். நொந்த மூட்டுக்கு இந்தப் பரிவு தேவை. வழக்கமான வரிசையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என வலு ஏறுகிறது.

தோளுக்கு ஒரு பயிற்சி: பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை வெளிப்புறம் இழுக்க வேண்டும். திரும்பும்போது வெடுக்கென்று விடாமல் மெல்ல விட வேண்டும். தசை வலுப்பெறுவதில் அந்த மெதுவான பின்வாங்கலுக்குப் பெரும்பங்கு உண்டு.

கீறல் விட்ட பட்டையை எறிந்துவிடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு வகை உண்டு. மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, சிகிச்சையாளர் சொன்ன அளவில் தவறாமல் செய்யுங்கள். நம் வீட்டு வரவேற்பறையையே சிகிச்சைக்கூடமாக்கும் எளிய பொருள் இது.