கடற்கொள்ளையர் மேல் பழி போடலாமா?

அமெரிக்கா ஏன் இன்னும் மைல், பவுண்டுன்னு அளக்குது? 1794-ல் பிரான்சிலிருந்து எடைக்கல்லோடு கிளம்பிய ஜோசப் டோம்பேயைக் கடற்கொள்ளையர் பிடித்ததால்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது. டோம்பே பிடிபட்டது உண்மை. ஆனா காரணம் அதுவல்ல. 1866-லேயே மெட்ரிக் அளவுகள் அங்கே சட்டப்படி செல்லும். 1890-ல் கிலோகிராம் எடைக்கல்லும் பத்திரமாக வந்து சேர்ந்தது. 1893 முதல் பவுண்டையே கிலோகிராமை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள்.

கோளாறு 1975 சட்டத்தில் இருக்கு. மாறுவது அவரவர் விருப்பம் என்றது; கெடு வைக்கவில்லை. விருப்பம்னு விட்டால், சாலைப் பலகையையும் கடைத் தராசையும் கைக்காசு போட்டு யார் முதலில் மாற்றுவார்? மாற்றத்தை முன்னெடுக்க அமைத்த வாரியத்தையும் 1982-ல் மூடிவிட்டார்கள். கொள்ளையர் கதையை ரசிக்கலாம். அது இந்தச் சட்டத்தை மறைத்துவிடக் கூடாது.