தொகையும் துறையும்: ஒரு வலைப்பந்தாட்டக் காணொளி பற்றிய திறனாய்வு

காவியத்தையும் நாடகத்தையும் திறனாய்வது போல ஒரு விளையாட்டுக் காட்சித் தொகுப்பையும் திறனாய்தல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே எமது துணிபு. ஒருவர் நீண்டதோர் ஆட்டத்தினின்று சில கணங்களைத் தெரிந்தெடுக்கின்றார்; எஞ்சியவற்றை விலக்குகின்றார்; எடுத்தவற்றை ஒரு முறையில் அடுக்கி, இசை கூட்டி, தலைப்பும் இடுகின்றார். தெரிதலும் விலக்கலும் உள்ள இடத்தில் தொகுத்தார் ஒருவர் உளர். அவர் எதைக் கொண்டார், எதைத் தள்ளினார் என வினவும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. எட்டுத்தொகை கண்ட தமிழருக்கு இவ்வினா புதியதன்று.

ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்டது, இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் அவர்கள் இட்ட கோல்களைத் தொகுத்துச் சில நிமிடங்களிற் காட்டும் காணொளி வகையாகும். இத்தகைய தொகுப்புகள் பல இன்று கைத்தொலைபேசி வழியே ஊரூராய் உலவுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆதலின் ஒன்றைப் பற்றிக் கூறுவது மற்றவற்றுக்கும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர் தர்ஜினி. 1979 இற் பிறந்தவர். உயரம் 208 சதம மீற்றர். அஃதாவது ஆறடி பத்தங்குலம். இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோல் எய்பவராக நின்றவர். 2018 செப்ரெம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அந்நாட்டு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 69க்கு 50 என இலங்கை வென்றது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் நிகழ்ந்த உலகக் கிண்ணத்தில், தமது நாற்பதாவது வயதில், 348 கோல்களை இட்டு அப்போட்டியிலேயே மிகுதியான கோல் இட்டவர் என்னும் பெருமையைப் பெற்றார். இத்துணைச் சிறப்புடையார் ஒருவரின் ஆட்டத்தைத் தொகுத்துக் காட்ட முனைந்தது போற்றுதற்குரிய செயலே.

தொகுப்பில் நாம் காண்பது யாது? வட்டத்துள் ஒரு நெடிய உருவம் நிற்கின்றது. எங்கிருந்தோ ஒரு பந்து உயர்ந்து வருகின்றது. எதிரணியார் கைகள் எட்டாத உயரத்தில் அதனை இரு கைகளும் பற்றுகின்றன. உடல் திரும்புகின்றது, பந்து வளையத்துள் வீழ்கின்றது. மீண்டும் அதுவே; பின்னரும் அதுவே. இருபதாவது கோலைக் காண்பதற்குள், ஆட்டம் அறியாதார் கொட்டாவி விடுவர். அறிந்தாரோ வேறொன்றைத் தேடத் தொடங்குவர்.

இம்மீளுரைப்பில் ஒரு நன்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எய்யும் கையின் ஒழுங்கு இத்தொகுப்பில் நன்கு விளங்குகின்றது. பந்தைத் தலைக்கு மேலே நிறுத்தி, முழங்காலைச் சிறிதே மடித்து, மணிக்கட்டின் ஒரு சுண்டுதலால் விடுக்கும் முறை முதற் கோலிலும் இறுதிக் கோலிலும் வேறுபடவில்லை. மூன்று வினாடிக்குமேற் பந்தை வைத்திருத்தல் கூடாது என்பது விதி. அவசரப்பட வேண்டிய அந்த நேரத்துள் அவசரமே காட்டாத கை அது. எய்யப் பழகும் மாணவி ஒருத்திக்கு இதனினும் சிறந்த பாடம் கிட்டுதல் அரிது.

ஆயின் தொகை என்பது அடுக்கி வைத்தல் மாத்திரம் அன்று. நம் முன்னோர் அகப்பாடல்களைத் தொகுத்தபோது பாட்டை மட்டும் நமக்குத் தந்துவிட்டுப் போகவில்லை. குறுந்தொகைச் செய்யுள் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்குவது. அத்துணைச் சிறிய பாட்டின்கீழும் இஃது யார் கூற்று, யாரை நோக்கியது, எவ்விடத்து நிகழ்ந்தது என்னும் குறிப்பு நிற்கின்றது. புறநானூற்றுப் பாட்டுக்குத் திணையும் துறையும் உண்டு. பாடினோரும் பாடப்பட்டோரும் உண்டு. 1894 இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது, குறிப்புச் சிதைந்த பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. அவற்றைப் பயின்றோர், துறை தெரியாத பாட்டு எத்துணை இருளுடையது என்பதை அறிவர். தலைவியின் இரங்கலோ தோழியின் இடித்துரையோ எனத் தெரியாவிடின் சொல் விளங்கினும் பொருள் விளங்காது.

யாம் கண்ட காணொளி துறைக்குறிப்பு இழந்த பாட்டுகளின் தொகை. எந்த ஆட்டம், எந்தக் கால்பகுதி, அவ்வேளை எவ்வணி முன்னின்றது என்பன அதில் இல்லை. அறுபதாவது நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கி நிற்கையில் இட்ட கோலும், முப்பது புள்ளி முந்தியபின் இட்ட கோலும் அங்கே ஒரே நிறை பெறுகின்றன.

இக்குறை கூடைப்பந்தாட்டத் தொகுப்பில் இத்துணை உறுத்துவதில்லை. காரணம் அவ்வாட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. 1891 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் பீச்சுப்பழக் கூடைகளைத் தொங்கவிட்டுத் தொடக்கிய அவ்வாட்டத்தில், ஐவருள் எவரும் எங்கிருந்தும் எறியலாம். பந்தைத் தரையிற் தட்டியவாறே தனியொருவர் அரங்கின் ஒரு முனையினின்று மறு முனைவரை செல்லலாம். வளையத்தின்மேற் பாய்ந்து பந்தைத் திணிக்கலாம். ஆகவே ஒருவரின் பத்து வினாடியே ஒரு முழுக் கதையாகிவிடும். நெடுநாளாகக் கூடைப்பந்தாட்டத் தொகுப்புகளை விரும்பிப் பார்த்துவரும் யாம், அவ்வின்பத்தைக் குறைத்து மதிப்பிடோம்.

அவ்வாட்டத்தினின்று 1890களில் இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளிற் பிரிந்து வளர்ந்ததே வலைப்பந்தாட்டம். அவுஸ்திரேலியாவிலும் நியூசீலாந்திலும் 1970 வரை அதற்குப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே பெயர். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒருமைப்படுத்தவும் அனைத்துலகச் சம்மேளனம் அமைக்கவும் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960 இற் கூடிய இடம் வேறெங்கும் அன்று, நமது இலங்கையே. மூன்றாண்டின் பின் ஈஸ்ற்போர்ணில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் இலங்கை ஆடியது. இச்செய்தியை நம் மாணவியருட் பலர் அறியார்.

வளையத்தின் உயரம் இரு ஆட்டத்துக்கும் ஒன்றே: 3.05 மீற்றர். மற்றெல்லாம் வேறு. வலைப்பந்தாட்டத்தில் எழுவர், ஒவ்வொருவருக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது, நம் பாடசாலைகளில் ஜீ.எஸ்., ஜீ.ஏ. என வழங்கும் இருவர் மட்டுமே வட்டத்துள் நின்று எய்யலாம். பந்தோடு நடக்கவோ தட்டிச் செல்லவோ இயலாது. வளையத்தின் பின்னே பலகையும் இல்லை. ஆகவே எந்தக் கோலும் ஒருவருடைய செயலாக இருத்தல் அரிது. பலர் கைமாறி வந்த ஒன்றின் கடைசி அசையே அது.

நெடியோரின் ஆட்டம் பற்றி இடையே ஒரு சொல். அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஆடிய ஜோர்ஜ் மைக்கனும் ஆறடி பத்தங்குலமே. அவர் வளையத்தடியில் நின்றால் தடுப்பார் இல்லை என்பதால், 1951 இல் வளையத்தின் முன்னுள்ள தடைப்பகுதியை ஆறடியினின்று பன்னிரண்டடியாக அகலப்படுத்தினர். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் போர்ட் வெயின் அணியினர் அவர் கைக்குப் பந்தே செல்லாவண்ணம் பெரும்பொழுது அதனைத் தாமே வைத்திருந்து, 19க்கு 18 என வென்றனர். தோற்ற அணியின் பதினெட்டில் பதினைந்து மைக்கன் இட்டவை. பின்னர் 1954 இல் இருபத்துநான்கு வினாடி விதி தோன்றியமைக்கு இத்தகைய ஆட்டங்களே காரணமாயின. அந்த 15 புள்ளிகளை மட்டும் தொகுத்து ஒருவர் காட்டினால், மைக்கன் வென்றார் என்றே நாம் நினைப்போம்!

லிவர்ப்பூலிலும் இத்தகைய நிலையே. 348 கோல்கள் இட்ட எய்பவரைக் கொண்ட அணி, பதினாறு அணிகளுட் பதினைந்தாவது இடத்தையே பெற்றது. தொகுப்பைப் பார்ப்போருக்கு இச்செய்தி எவ்வாற்றானும் புலப்படாது. ஒரு கோலும் தவறாது இடப்படுவதைக் கண்டவர், இவ்வணி தோற்றது எங்ஙனம் என வியக்கவே செய்வர்.

விடை ஆட்டத்தின் விதியில் உள்ளது. கூடைப்பந்தாட்டத்திற் புள்ளி இழந்த அணிக்குப் பந்து செல்லும். வலைப்பந்தாட்டத்திலோ, கோல் இட்டது யாராயினும், நடுவட்டத்தினின்று பந்தைத் தொடங்கும் முறை இரு அணிக்கும் மாறி மாறி வரும். எனவே தன் முறைக்குத் தான் கோல் இடுவது கடன் இறுத்தல் போன்றது. அதனால் மாத்திரம் முந்துதல் இயலாது. எதிரணியின் முறையில் அவர்தம் பந்தைக் கவர்ந்தால்தான் வேறுபாடு பிறக்கும். கவர்வது மறுமுனையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் தொழில். தர்ஜினி தம் கடனை எவ்வளவு செம்மையாக இறுத்தார் என்பதைக் காணொளி காட்டுகின்றது. அவுஸ்திரேலியா போன்ற அணிகளிடமிருந்து பந்தைக் கவர்தல் எவ்வளவு அரிதாயிற்று என்பதை அது காட்டவில்லை. ஒரே ஒரு பந்துக்கவர்தற் காட்சிகூட அதில் இல்லாமை, தொகுத்தார் ஆட்டத்தின் இலக்கணத்தையே அறியாரோ என ஐயுற வைக்கின்றது.

அதனினும் எம்மை வருத்துவது வேறொன்று. உயர்ந்து வரும் அந்தப் பந்து எங்கிருந்து வருகின்றது? படச்சட்டத்தின் விளிம்புக்கு அப்பாலிருந்து. எறிந்த கை வெட்டப்பட்டுவிட்டது. தர்ஜினிக்குப் பந்து கொடுத்தல் எளிது, மேலே எறிந்தாற் போதும் என்பது திண்ணையிலிருந்து பேசுவோர் கருத்து. மைதானத்தில் நின்றோர் அங்ஙனம் சொல்லார். எறிபவருக்கும் மூன்று வினாடியே உண்டு. முன்னே மூன்றடி தள்ளி ஒருத்தி கையுயர்த்தி நிற்கின்றாள்; வட்டத்துள் எய்பவரின் முன்னும் பின்னும் இருவர். பந்து தாழ்ந்தால் முன்னவள் பறிப்பாள். நீண்டால் எல்லைக்கோட்டைத் தாண்டும். எய்பவர் தம் உடலால் எப்பக்கத்தை மறித்துக் காத்திருக்கின்றார் என்பதைக் கண்ணால் அறிந்து, அப்பக்கத்துக்கு மட்டும் பந்தை இறக்க வேண்டும். 2018 இல் சதுரங்கி ஜயசூரிய தலைமையில் ஆடிய அணியினர் இக்கலையில் தேர்ந்திருந்தமையாலேயே 69 கோல்கள் பிறந்தன. தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் மூன்று வினாடிக்குள் ஒருவர் கருத்தை ஒருவர் அறிந்துகொண்ட அந்த நிகழ்ச்சியைக் கத்தரிக்கோல் தள்ளிவிட்டது. தள்ளிய துண்டே எமக்கு அரும்பொருளாகத் தோன்றுகின்றது.

இனித் தலைப்பைப் பற்றி. இவ்வகைக் காணொளிகளிற் பலவற்றின் தலைப்பிற் பெயருக்கு முன் உயரம் வந்து நிற்கின்றது. அருகே குறுகிய எதிராளி ஒருத்தி அண்ணாந்து பார்க்கும் காட்சி மெதுவாக்கி ஓட்டப்படுகின்றது. இது பாராட்டா, வேடிக்கையா? உயரம் பிறப்பின் பேறு. பல்லாண்டு கழிந்தும் பிசகாத மணிக்கட்டு பயிற்சியின் பேறு. முன்னதைப் பெரிதாக்கிப் பின்னதை மறைப்பது, ஒரு புலவரைப் பாராட்டப் புகுந்து அவருடைய தாடியின் நீளத்தைப் பாராட்டுவது போலும்.

தர்மபுரத்தில் இருந்து இவற்றைப் பார்க்கும் எமக்கு இது சிறு செய்தியன்று. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் உள்ள இவ்வூரின் வழியாக 2009 ஜனவரியில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அதே ஆண்டில்தான் தர்ஜினி இடம்பெற்ற இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. அந்நாளில் அச்செய்தி இங்குள்ளோர் செவிக்கு எட்டும் நிலை இல்லை. எட்டியிருப்பின் மகிழ்ந்திருப்பாரோ என்பதும் எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. மீள்குடியேறியபின் பிறந்த சிறுமியர் இன்று பாடசாலை மைதானங்களில் வலைப்பந்தாடும் வயதினர். அவர்கட்கு அந்த ஆண்டின் இரு செய்திகளும் வரலாறே. கைத்தொலைபேசியில் அவர்கள் காண்பது இந்தத் தொகுப்பைத்தான். ஐந்தடி உயரமுடைய சிறுமி ஒருத்தி இதனைக் கண்டு, இவ்வாட்டம் எனக்குரியதன்று எனக் கருதிவிட்டால், பிழை அச்சிறுமியுடையதாகாது. ஓரத்தில் ஓடி, பந்தைக் கவர்ந்து, வளைத்து எறியும் இடம் ஒன்று அவ்வாட்டத்தில் அவளுக்காகவே இருப்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

இசையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தொகுப்பு முழுவதும் ஒரு திரைப்பாடலின் முழக்கம் ஒலிக்கின்றது. அதனால் நடுவரின் ஊதுகுழல் கேட்கவில்லை. பந்து தரும் தோழியின் அழைப்பும் கேட்கவில்லை. வலைப்பந்தாட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஓரளவு தொடரலாம் என்பதை ஆடியோர் அறிவர். அத்துணைப் பேச்சுடைய ஆட்டம் அது.

வேறு வகையில் இதனைத் தொகுக்கலாமோ என்றால், கலாம். கோல்களின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் நடுவட்டத்து ஊதலினின்று தொடங்குக. கீழே ஆட்டத்தின் பெயர், ஆண்டு, கால்பகுதி, அவ்வேளைப் புள்ளிநிலை ஆகியவற்றைப் பொறிக்க. எறிந்தவர் பெயரை எய்தவர் பெயருக்கு முன் இடுக. லிவர்ப்பூலிற் தோற்ற ஆட்டங்களுள் ஒன்றிலிருந்தும் இரண்டு காட்சி சேர்க்க; எதிரணியார் இருவர் மூவராய்ச் சூழ்ந்து பந்தைத் தட்டிப் பறித்த காட்சியாயினும் ஆகுக. பாடலை நீக்குக. கணினி பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் முடிக்கத்தக்க வேலை இது. அடுத்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் எவரேனும் முயல்வாராயின், பார்த்துக் குறை கூற யாம் காத்திருக்கின்றோம்.