நூலகர் கையில் ஒரு சதவீதம்

ஆய்வேட்டை எழுதி முடித்தவர்கள் இப்போதெல்லாம் நூலகரைத் தேடிப் போவது பெரும்பாலும் ஒரே ஒரு காகிதத்துக்காகத்தான். ஒப்புமை இத்தனை சதவீதம் என்று போட்ட அறிக்கை. டிஜிட்டல் காலம் நம்ம பல்கலைக்கழக நூலகர்களுக்குக் கொடுத்த புது வேலைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். இதைப் பொறுப்பு கூடியதாகச் சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஒப்புமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை. 40% வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரணும். 60% வரை என்றால் ஓராண்டு தடை. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. அடுத்த ஆண்டே இன்ஃப்ளிப்நெட் வழியாக மென்பொருளும் வந்தது. பல இடங்களில் அதன் லாகின் நூலகரிடம் போய்ச் சேர்ந்தது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்றேன், இந்தக் கருவி திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. தன்னிடம் உள்ள உரைகளோடு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு எண்ணுது, அவ்வளவுதான். திருட்டா இல்லையான்னு ஆள்தான் படித்துப் பார்த்து முடிவு செய்யணும். அந்த விதிகளிலேயே, திருட்டு இல்லை என்று சான்று தர வேண்டியவர் ஆய்வு நெறியாளர். நடைமுறையில் எல்லாரும் நூலகர் தரும் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கிறாங்க.

தமிழ் ஆய்வேடுகளில் சிக்கல் இன்னும் ஆழம். சோத்கங்காவில் உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள். சில, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ரோமன் எழுத்துக் குப்பை. அதிலிருந்து ஓர் இயலை அப்படியே யூனிகோடில் அடித்துக் கொடுத்தால் 0% வர நிறைய வாய்ப்பு இருக்கு. அதைவிடப் பெரிய நஷ்டம், நேர்மையா தேடுறவருக்கும் அந்த ஆய்வேடு கிடைக்காது. முன்னோடி ஒருவர் இருந்ததே தெரியாமல் அதே தலைப்பில் இன்னொருவர் நாலு வருஷம் உழைப்பார்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கணும் என்பதை 1931-லேயே நூலக விதியாக எழுதி வைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். அந்த விதிப்படி பார்த்தால் இன்றைய நூலகர் செய்ய வேண்டிய டிஜிட்டல் வேலை மலைபோல் கிடக்குது. ஸ்கேன் படங்களைத் தேடக்கூடிய உரையாக்குவது, பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றுவது, தலைப்புக்கும் பொருளுக்கும் ஒழுங்கான விவரக்குறிப்பு போடுவது. இதற்கு ஆளும் நேரமும் கொடுத்தால் திருட்டும் தானாகவே கூடுதலாகப் பிடிபடும்.

நூலகரை ஆய்வின் கடைசி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர் தேவைப்படுவது தலைப்பு தேர்வு செய்யும் நாளில். இதுக்கு முன்னாடி யார் யார் இதைத் தொட்டிருக்காங்கன்னு அப்போது எடுத்துக் கொடுத்தாலே பாதி ஆய்வேடுகள் வேற மாதிரி எழுதப்பட்டிருக்கும்.