குறிஞ்சி ஆண்டவரும் செண்பகனூர் ஏடுகளும்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலின் கடைப்பலகைகள் சிலவற்றில் எபிரேய எழுத்தைப் பார்க்கலாம். இராணுவச் சேவை முடித்துவிட்டு இந்தியா வரும் இஸ்ரேலிய இளைஞர்களுக்காக எழுதப்பட்டவை அவை. பழைய ஏற்பாட்டின் மொழி இந்த மலைக்கு வந்த கதையைப் பயணக் கட்டுரைகள் பலமுறை சொல்லிவிட்டன. அந்த மறைநூலைப் பற்றிய சிந்தனைக்குப் பழனிமலையோடு இருக்கும் உறவு அதைவிடப் பழையது, ஆழமானது. அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டின. இயேசு சபையார் அருகிலுள்ள செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை 1895இல் நிறுவினர். 1936இல் கொடைக்கானலில் முருகனுக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் எழுந்தது. விவிலிய ஆய்வைப் பற்றிய கட்டுரையில் முருகன் கோயிலுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கோயிலைக் கட்டியவரிடமிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், இயற்பெயரில் ஆர். எல். ஹாரிசன். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனிடம் மாணவியாக வந்து, செயலாளராகி, பின்னர் மனைவியானவர். இராமநாதனை அரசியல் தலைவராகவும், யாழ்ப்பாணத்தில் கல்லூரிகள் நிறுவியவராகவும் நாம் அறிவோம். அவர் விவிலிய உரையாசிரியரும் ஆவார் என்பதைத் தமிழ் வாசகர்கள் ஏறத்தாழ மறந்தே விட்டோம். ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு நற்செய்திக்கு 1898இலும் யோவான் நற்செய்திக்கு 1902இலும் அவர் ஆங்கிலத்தில் செய்த விரிவுரைகள் லண்டனில் வெளிவந்தன. இரண்டையும் பதிப்பித்தவர் ஹாரிசன்.

அந்த உரைகளின் அடித்தளம் எளியது. மறைநூலின் சொல்லுக்குப் பொருள் காணும் தகுதி, அச்சொல் சுட்டும் நிலையைத் தானே அடைந்தவருக்கு மட்டுமே உண்டு. ஞானாசிரியன் இல்லாத இடத்தில் ஏடு வாய்திறக்காது. இயேசு பேசும் இறையாட்சியை உள்ளத்தில் விளையும் அனுபவமாக இராமநாதன் படித்தார். மேலைத் திருச்சபைகள் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அனுபவத்தைக் கைவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. அவருடைய வாசிப்பில் குறை உண்டு. நாசரேத்தூர் இயேசு வாழ்ந்த வரலாறும், யூத மக்களின் துயரும், உரோமப் பேரரசின் கொடுமையும் அங்கே மங்கிப் போகின்றன. சிலுவை ஓர் அகநிலைக் குறியீடாகச் சுருங்குகிறது. ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி அசலானது. மறையின் அதிகாரம் நூலில் இருக்கிறதா, சபையில் இருக்கிறதா, அனுபவம் பெற்றவரிடம் இருக்கிறதா?

இப்படி ஒரு கேள்வி தமிழரிடம் பிறந்ததில் வியப்பில்லை. சிவஞான சித்தியார் இறைவனைப் பற்றி வாதம் தொடங்கும் முன் அளவை இயலை வைக்கிறது. காட்சி, கருதல், உரை என்று அறிவின் வாயில்களை வகுத்த பிறகுதான் பதியின் இலக்கணம் வருகிறது. எதைக் கொண்டு அறிகிறாய் என்று சொல்லாமல் கடவுள் எத்தகையவர் என்று சொல்ல இந்த மண்ணில் யாரையும் விட்டதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ இறையியலின் நானூறு ஆண்டு உழைப்பையும் இந்த ஒரு நெருக்கடிக்கான பதிலாகப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

செண்பகனூருக்கு வருவோம். இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் இங்கே உருவானது. மிஷனரிகளின் கடிதங்கள், அறிக்கைகள், கையெழுத்துப்படிகள் சேர்ந்த இடம். லெயோன் பெஸ் 1914இல் வெளியிட்ட மதுரை மிஷன் வரலாறும், சவரிமுத்து இராசமாணிக்கம் அடிகளின் ஆய்வுகளும் இத்தகைய ஆவணங்களின்மேல் நின்றவை. இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரின் தமிழ் நூல்களை 1960களில் பதிப்பித்து மறதியிலிருந்து மீட்டவர் இராசமாணிக்கம். அந்தப் பதிப்புகள் இல்லாமல் போயிருந்தால், 1606இல் மதுரை வந்த அந்த இத்தாலியரைக் காவி உடுத்திய விந்தை மனிதராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருப்போம்.

நொபிலியின் ஞானோபதேசம் விவிலிய வசனத்தை அடுக்கித் தொடங்குவதில்லை. எதிரில் இருப்பவர் ஏற்காத நூலைச் சான்றாகக் காட்டுவதில் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். எனவே புத்திக்கு எட்டும் வாதங்களால் காரணக் கடவுளை நிறுவி, அதற்குமேல் புத்திக்கு எட்டாததை வெளிப்படுத்தும் மறையின் தேவையைச் சொல்கிறார். தாமஸ் அக்குவினாவிடம் கற்ற முறைதான். ஆனால் மதுரையில் அது அளவை இயலின் வரிசையோடு அப்படியே பொருந்தியது.

இந்த மரபில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் முதியவர்களைக் கேட்டால் சர்வேசுரனுடைய இலட்சணங்கள் ஆறு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். தானாயிருத்தல், தொடக்கமும் முடிவும் இன்மை, உடலின்மை, எல்லா நன்மையும் நிறைந்திருத்தல், எங்கும் இருத்தல், எல்லாவற்றுக்கும் காரணமாதல். இதைத் திருக்குறளின் எண்குணத்தானுக்குப் பரிமேலழகர் சைவ ஆகமத்திலிருந்து எடுத்துக்காட்டும் எட்டுக் குணங்களின் அருகில் வைத்துப் பாருங்கள். தன்வயத்தனாதல் என்பதும் தானாயிருத்தல் என்பதும் ஒரே வாசலில் நிற்கின்றன. தூய உடம்பினனாதல் என்று அங்கே வருவது இங்கே உடலின்மையாக மறுக்கப்படுகிறது. பேரருளுடைமை அங்கே தனிக் குணம். இங்கே நன்மை நிறைவுக்குள் அடங்கிவிட்டது. சிறு பிள்ளைகளின் மறைக்கல்விப் பாடத்துக்குள் இவ்வளவு பெரிய தத்துவ வழக்கு பொதிந்திருக்கிறது. இதை ஒப்பிட்டு எழுதப்பட்ட முழுநூல் ஒன்று தமிழில் வர வேண்டும் என்று நெடுநாளாக விரும்புகிறேன்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபோது வழக்கு வேறு திசைக்குத் திரும்பியது. நூலே போதும் என்றது லூத்தரன் தரப்பு. நூலைக் காத்து விளக்கும் திருச்சபை இல்லாமல் நூல் எது என்றே தெரியாது என்றார் வீரமாமுனிவர். அவருடைய வேதவிளக்கமும் பேதகமறுத்தலும் இந்தச் சண்டையின் விளைவுகள். கடுமையான மொழி, கசப்பான வாதம். தமிழ் உரைநடைக்கு அது செய்த நன்மையைப் புகழ்பவர்கள் உள்ளே இருக்கும் இறையியலைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் கூர்மையான திருப்பம். மிஷனரி பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவர்களின் திருவிழா, அபிடேகம், தூபதீபம் ஆகியவற்றை மிஷனரிகள் இகழ்ந்தபோது, உங்கள் பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்துக்குக் கடவுளே விதித்த சடங்குகள் என்ன என்று அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டார். இந்த நூல் விவிலிய அறிவின் நூல் என்று ஒத்துக்கொள்ளக் கிறிஸ்தவ ஆய்வாளர்கள் தயங்கக் கூடாது. அதே நாவலர்தான் 1879இல் இளைஞர் இராமநாதனைச் சட்டசபைக்கு அனுப்பப் பாடுபட்டார். கொடைக்கானல் மலையில் நிற்கும் கோயிலுக்குப் பின்னால் இந்த விவிலிய வாசிப்பு மரபும் இருக்கிறது.

இராமநாதன் எழுப்பிய கேள்விக்குக் கிறிஸ்தவத் தரப்பிலிருந்து வந்த மிகத் தெளிவான பதில் ஏ. ஜே. அப்பாசாமியுடையது. பாளையங்கோட்டைக்காரர். தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். ஆக்ஸ்போர்டில் 1922இல் அவர் முடித்த ஆய்வு, பக்தி இலக்கியத்தின் மெய்யுணர்வையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டது. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காணும் நூல் 1927இல் வந்தது. அப்பாசாமி பிரமாணங்களைப் பட்டியலிட்டார். சுருதி, யுக்தி, அனுபவம். அதோடு நான்காவதாகச் சபையைச் சேர்த்தார். சுருதி முதன்மையானது, ஆனால் தனித்து நிற்பதில்லை. அனுபவம் அதை உயிர்ப்பிக்கிறது, யுக்தி சோதிக்கிறது, சபை தனிமனிதக் கற்பனையிலிருந்து காக்கிறது. இராமநாதன் விட்ட இடைவெளியைச் சரியாக அடைத்தவர் இவரே என்பேன். வேண்டுமென்றே செய்தாரா என்பது இங்கே தேவையில்லை.

கடவுளின் இயல்பைப் பற்றி எழுதும்போது அவர் இராமானுசரிடம் போனார். உலகு இறைவனுக்கு உடல் என்ற கருத்தைக் கொண்டு, எங்கும் நிறைந்திருக்கும் இறைவனைப் பேசினார். யோவான் 10:30இல் இயேசு பிதாவோடு தம்மை ஒன்றாகச் சொல்லும் இடத்தை அத்வைதமாகப் படிக்க அவர் மறுத்தார். அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுதல் என்றார். கிறிஸ்துவின் இறைமையை இது குறைக்கிறது என்று எழுந்த கண்டனத்தில் நியாயம் உண்டு. இருந்தும் திருவாய்மொழி கேட்டு வளர்ந்த காதுக்கு யோவானின் திராட்சைக்கொடி உவமை எப்படி ஒலிக்கும் என்பதை அவரளவு உணர்ந்து எழுதியவர் வேறில்லை.

அதே காலத்துச் சென்னையில் வெ. சக்கரை, இயேசுவை நிலைத்திருக்கும் அவதாரமாக 1927இல் எழுதினார். பி. செஞ்சையா இன்னும் துணிந்தார். இந்துவாகப் பிறந்தவருக்குக் கிறிஸ்துவிடம் போகப் பழைய ஏற்பாடு கட்டாய வழியா என்று கேட்டார். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, ஹென்றிக் கிரேமர் விவிலிய வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியில்லை என்று வாதிட, செஞ்சையாவும் நண்பர்களும் தங்கள் மறுப்பைத் தனி நூலாகவே கொண்டுவந்திருந்தனர். செஞ்சையாவின் கேள்வியை மதிக்கிறேன், விடையை ஏற்க முடியவில்லை. யாத்திராகமத்தையும் ஆமோசையும் நீக்கிவிட்டால் அடிமைகளின் கூக்குரல் கேட்கும் கடவுளை எங்கே தேடுவது?

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மீட்புக்கு வேண்டியதெல்லாம் மறைநூலில் உண்டு, நம்பிக்கைக்கு இறுதி அளவுகோலும் அதுவே என்று தன் அமைப்புவிதியில் வைத்தது. மதுரை–இராமநாதபுரத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், முன்பு காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதத்தையும் யோவானையும் சேர்த்துப் படித்தவர். அவ்வளவு நெருங்கிப் படித்தும் வெளிப்பாட்டின் தனித்தன்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கத்தோலிக்கரிடையே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965 மறைவெளிப்பாட்டு ஏட்டுக்குப் பிறகு, டி. எஸ். அமலோற்பவதாஸ் 1974இல் பெங்களூரில் விவிலியமல்லாத மறைநூல்கள் குறித்து ஆய்வரங்கம் நடத்தினார். அந்நூல்களிலும் தூய ஆவியின் ஏவுதல் உண்டா என்பதே பேச்சு. 2000இல் உரோமை ஏவுதல் என்ற சொல்லை விவிலிய நூல்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. விவாதம் கோப்புக்குள் போயிற்று. இது இழப்பு.

ஆனால் சுருதியைப் பற்றிய பேச்சு முழுவதிலும் ஒரு பெரிய மௌனம் இருந்தது. சுருதி கேட்கும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்று அப்பாசாமி கேட்கவில்லை. தலித் இறையியல் கேட்டது. 1981இல் பெங்களூரில் தொடங்கிய இந்தச் சிந்தனையை அரவிந்த் நிர்மல், உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் அகதி மூதாதையை நினைவுகூரும் அறிக்கையின்மேல் கட்டினார். சத்தியநாதன் கிளார்க் 1998இல், எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்குப் பறையே இறைவனை உணர்த்தும் ஊடகமாக நின்றதை ஆராய்ந்தார். மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாம் பறட்டை என்று அறிந்தவர், கடவுளைத் தாயும் தந்தையுமாகப் பெத்தவரே என்று அழைத்து வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பதை நற்கருணையோடு சேர்த்தார். கடவுளின் இயல்பை நாட்டுப்புற மெட்டில் சொன்ன இந்த முயற்சியை நொபிலியின் ஆறு இலட்சணங்களுக்கு இணையாக வைத்து ஆராய வேண்டும். அங்கே உடலின்மை இறைவனின் பெருமை. இங்கே பசித்த உடலோடு சேர்ந்தமர்வது அவர் பெருமை.

எந்த மொழியில் வாதிட்டார்கள் என்பதும் முக்கியம். அப்பாசாமியும் சக்கரையும் செஞ்சையாவும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இராமநாதனும் அப்படியே. கிளார்க்கும் அப்படியே. நொபிலி, வீரமாமுனிவர், நாவலர், பறட்டை ஆகியோர் தமிழில் வாதிட்டதால் அவர்களோடு தமிழர் எவரும் வாதிட முடிந்தது. இறையியல் கல்லூரிகளின் பட்டப்படிப்பு ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் முடங்கிக் கிடக்கின்றன. அப்பாசாமியின் பக்தி மார்க்க நூலும், இராமநாதனின் யோவான் உரையும் நல்ல குறிப்புகளோடு ஒரே தொகுதியாகத் தமிழில் வர வேண்டும். சித்தியாரின் அளவை இயலைக் கற்ற சைவப் புலவர் ஒருவரும் கிரேக்கம் கற்ற விவிலிய அறிஞர் ஒருவரும் சேர்ந்து அதற்கு உரை எழுதட்டும்.