ஓட்டின் மேடுபள்ளங்களை எவ்வளவு நம்பலாம்?

ஆஸ்ட்ரகோடு, நண்டுக்கும் இறாலுக்கும் உறவான சிற்றுயிர். பெரும்பாலான இனங்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். செத்தபின் உடல் அழுகிப்போகும். சுண்ணாம்பாலான இரண்டு ஓடுகள் மட்டும் வண்டலில் தங்கும். எனவே தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஓட்டின் மேற்பரப்பையும் பார்த்து வகை பிரிக்கிறார்கள்: வழவழப்பானது, குழிகொண்டது, வலைப்பின்னல் உடையது, வரம்பு ஓடியது, முள் நிறைந்தது.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆழ்துளையிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணைச் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் பரப்பினால், பழகிய கண் விரைவில் இனம் பிரித்துவிடும். வேறெந்த உறுப்பும் மிஞ்சாதபோது ஓட்டைவிட்டால் வழியும் இல்லை.

ஆனால் தோற்றத்துக்குப் பெயர் வைக்கும் இந்த முறை, அந்தத் தோற்றம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. அடிப்படைக் கோளாறு இதுதான். சைப்ரிடெய்ஸ் டொரோசா என்ற இனத்தைப் பாருங்கள். 1850இல் ரூபர்ட் ஜோன்ஸ் பெயரிட்டது. அதன் ஓட்டில் சில சமயம் உள்ளீடற்ற புடைப்புகள் எழும்; சில சமயம் ஒன்றுமே இராது. புடைப்பில்லாததை லிட்டோராலிஸ் என்று தனி இனமாகவே பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே இனம்தான். உவர்ப்புக் குறைந்த நீரில், தோலுரித்த விலங்கின் புது ஓடு இறுகும் முன்பே அது வெளியே பிதுங்கிவிடுகிறது. நீரின் உப்பு செய்த வேலை இனத்தின் அடையாளமாகப் பதிவாகிவிட்டது!

வலைப்பின்னலின் கதை வேறு. ஜப்பானிய ஆய்வாளர் ஒகாதா 1981இல் ஓர் இனத்தை ஆராய்ந்து, வலையின் ஒவ்வொரு கண்ணும் அடியிலுள்ள ஒரு தோல் செல்லுக்கு நேரானது என்று காட்டினார். அப்படியானால் கண்களின் அமைப்பு பரம்பரையோடு ஒட்டிய செய்தி. புடைப்பையும் வலைக்கண்ணையும் ஒரே பட்டியலில் சம எடையோடு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குஞ்சுகளும் குழப்புகின்றன. பல இனங்கள் எட்டுமுறை தோலுரித்தே முதிர்கின்றன. முதிர்ந்த ஓட்டில் தெளிவாகத் தெரியும் வலை, இளம் ஓட்டில் மங்கலாக இருக்கலாம். அமில நீர் அரித்த ஓடும் வழவழப்பாகத் தெரியலாம்.

புடைப்பை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. இனப் பெயருக்கு அது உதவாவிட்டாலும், பழைய காயலின் உவர்ப்பை அறிய உதவும். ஆனால் நீரிலுள்ள கால்சியமும் புடைப்பு எழுவதில் பங்கு வகிப்பதால், புடைப்பை மட்டும் எண்ணி உப்பைக் கணிப்பது அவசரம். 1977இல் ரோசன்ஃபெல்டும் வெஸ்பரும் காட்டியபடி உவர்ப்புக்கேற்ப மாறும், ஓட்டிலுள்ள சல்லடைத் துளைகளின் வடிவத்தையும் கூடவே அளந்து பதிய வேண்டும்.