கட்டியக்காரனுக்கும் வேண்டும் ஒரு வரலாறு

ஆரணியைப் பட்டுச் சேலைக்காக அறிந்தவர்கள் பலர். ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண்ணும்கூட. வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துரியோதனன் படுகளம், தீமிதியோடு விழா நிறைவுறும். இக்கூத்தைப் பற்றி எழுதியவர்கள் அர்ச்சுனன், கர்ணன், துரியோதனன் வேடங்களுக்குத் தந்த இடத்தைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்குத் தரவில்லை.

கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னே விருத்தம் பாடுகிறான். முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்துகொள்கின்றன. திரை விலகியதும் ‘யார் நீங்கள், எந்த நாடு?’ என்று கேட்பவன் கட்டியக்காரன். அரசன் பாட்டிலும் வசனத்திலும் சொன்னதை ஊர்ப்பேச்சில் உடைத்துச் சொல்கிறான்; காவலனாகிறான், தூதனாகிறான். நடுச்சாமத்தில் கண்ணயரும் கூட்டத்தை எழுப்பி உட்கார வைப்பவனும் அவனே. அவனுடைய பேச்சில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. அந்தந்த ஊருக்கென்று அன்றன்று பிறப்பது. பதிவாகாமல் போனதற்கு அதுவே முதற்காரணம்.

நாடகக் கம்பெனிகளில் வளர்ந்து சினிமாவுக்கு வந்த நகைச்சுவைக் குணச்சித்திர நடிகர்களிடமும் கட்டியக்காரனின் இந்தக் கலையைக் காணலாம். டி.எஸ். பாலையா 1936இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தவர். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா கேட்கிறார். கண் விரிகிறது, உடல் ஒடுங்குகிறது, பயம் படிப்படியாக ஏறுகிறது. சொல்பவரின் திறமை பாதி என்றால் கேட்பவரின் முகம் மீதிப் பாதி. வி.கே. ராமசாமி ‘நாம் இருவர்’ (1947) படத்தில் இருபதைச் சற்றே கடந்த வயதில் முதியவராக நடித்தார். கே.ஏ. தங்கவேலு ‘கல்யாண பரிசு’ (1959) படத்தில் எழுத்தாளர் பைரவன் தானே என்று சொல்லிப் பொய்மேல் பொய் அடுக்கினார். எதிரில் நிற்பவருக்கு ஈடுகொடுத்து ஆடுவதே இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பலம்.

பிரிட்டனில் ‘டாட்ஸ் ஆர்மி’ (1968–77) தொலைக்காட்சித் தொடரில் மிடுக்கான கேப்டனாக நடித்த ஆர்தர் லோவுக்கு வாழ்க்கை வரலாற்று நூல்கள் உண்டு. இப்படிப்பட்ட குணச்சித்திர நடிகரையும் அங்கே வரலாற்றில் சேர்க்கிறார்கள். நம் கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃப்ராஸ்கா (1990), ஹன்னே டி புரூயின் (1999) ஆகிய வெளிநாட்டு ஆய்வாளர்கள் விரிவான நூல்கள் எழுதினார்கள். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கி, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நவீன நாடகத்தோடு இணைத்தார். இவை பெரும்பணிகள். ஆனால் ஊர் ஊராகச் சிரிக்கவைத்த கட்டியக்காரர்களின் தனி வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

தமிழ்த்துறை மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுக்க வேண்டும். ஒரே கட்டியக்காரரை ஓர் ஊரில் மட்டும் பார்த்தால் போதாது; பல ஊர்களில், முழு இரவும் இருந்து பதிவு செய்ய வேண்டும். மூத்த கலைஞர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.